ஆறு மணி விசில்

என் இடது முட்டு பேசும். நம்பாதவர்கள் பக்கத்தில் வந்து நின்றால் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்து காட்டுகிறேன். கீழே போகும்போது ஒரு ‘டக்’, மேலே வரும்போது ஒரு ‘டக்’. நடுவில் ‘எம்மோ’ என்று ஒரு சத்தம் வரும். அது முட்டு இல்லை, நான்.

இந்த முட்டை வைத்துக்கொண்டுதான் ஐம்பத்திரண்டு வயதிலும் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராகப் போய்க்கொண்டிருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் குழித்துறையில் என் பெயிண்ட் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். மேல் தட்டில் இருக்கிற டப்பாவை எடுக்க ஏணியில் ஏற வேண்டும் என்றால், “அந்த நிறம் இப்போ யாரும் அடிக்கியதில்ல” என்று வாங்க வந்தவரைக் கீழ்த் தட்டு நிறத்துக்கு மாற்றிவிடுவேன். எங்கள் பக்கத்தில் பல வீடுகள் வெளிறிய மஞ்சளில் நிற்பதற்குக் காரணம் என் முட்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டால் கறுப்புச் சட்டை, கறுப்பு டிரவுசர், முட்டுக்கு ஒரு உறை, கழுத்தில் விசில். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பிவிடுவேன்.

காயம் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், “பழைய மேட்ச் காயம்” என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் தூரத்தில் பார்ப்பேன். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. உண்மை என்னவென்றால், கல்யாணம் ஆன பத்தாம் நாள் மனைவியைத் திற்பரப்பு அருவிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு குழந்தையின் ரப்பர் பந்து பாறையில் உருண்டு வந்தது. நான் கல்லூரி அணியில் ஆடியவன் என்று அவளிடம் ஒன்பது நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் காட்ட ஒரு சந்தர்ப்பம். பாசி பிடித்த பாறையில் இடது காலை ஊன்றி வலது காலால் உதைத்தேன். பந்து நின்ற இடத்தில் நின்றது. நான் போய்விட்டேன். நாலு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு வரும்போது என் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். அழுகிறாள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

அந்த முட்டுக்குக் கட்டுப் போட்டார்கள், தடவினார்கள், ஊசி போட்டார்கள். எண்ணெய் மட்டும் இன்றுவரை நிற்கவில்லை. ஆட்டத்துக்கு முன் அரைக் குப்பி முறிவெண்ணெய் தேய்த்தால்தான் முட்டு என்னோடு வரச் சம்மதிக்கும். அந்த வாசனை பத்தடி தூரத்துக்கு அடிக்கும். ஆட்டக்காரப் பையன்கள் திரும்பிப் பார்க்காமலே நான் எங்கே நிற்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். காற்று என்னிடமிருந்து அவர்கள் பக்கம் அடித்தால் ஒரு ஃபவுல் நடக்காது. காற்று திரும்பினால் சட்டையைப் பிடித்து இழுப்பார்கள்.

மாவட்ட அளவில் நடுவர்களை வருடத்துக்கு ஒரு தடவை ஓடிக் காட்டச் சொல்வார்கள். நானும் ஒரு வருடம் போனேன். மற்றவர்கள் ஓடி முடித்து, குளித்து, பரோட்டா தின்று திரும்பி வந்தபோது நான் கடைசிச் சுற்றில் இருந்தேன். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் தகவல் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் கடற்கரை ஊர்கள் என்னை விடவில்லை. அதற்கு என் திறமை காரணமென்று நினைத்துவிடக் கூடாது. அங்கே ஊருக்கு ஊர் திருவிழாவை ஒட்டிப் பந்தாட்டப் போட்டி நடத்துவார்கள். பக்கத்துக் கரைக்காரன் விசில் ஊதினால் அவன் ஊதியது சரியாக இருந்தாலும் தப்புதான். கரைச் சண்டை வந்துவிடும். ஆகையால் நடுவர் உள்நாட்டுக்காரனாக இருக்க வேண்டும், எந்தக் கரையிலும் பெண் எடுத்தவனாகவோ கொடுத்தவனாகவோ இருக்கக் கூடாது. இந்த இரண்டு தகுதியும் எனக்கு இருந்தது. ஓட வேண்டும் என்பதை அவர்கள் தகுதியில் சேர்க்க மறந்துவிட்டார்கள். கூலி கிடையாது. ஆட்டம் முடிந்ததும் ஒரு பை மீன் தருவார்கள். முடிந்ததும் என்பதில் நான் கறாராக இருந்தேன். முன்னாலேயே வாங்கினால் லஞ்சம்.

கடற்கரை மைதானம் முழுக்க மணல். நல்ல முட்டுள்ளவனுக்கே அது வேலை வாங்கும். பந்து ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நாலு வினாடியில் போகும், நான் நாற்பது வினாடியில் போவேன். கொடி பிடிக்க இரண்டு ஊரும் ஆளுக்கொருவரைத் தருவார்கள். அவர்கள் கொடியை உயர்த்துவதும் இறக்குவதும் ஊர்ப்பற்றுக்கு ஏற்றபடி நடக்கும். ஆக, கண் எட்டாத, கால் எட்டாத இடத்தில் நடப்பதை நான் எப்படித் தெரிந்துகொள்வது?

காதால்.

இதை நானாகக் கண்டுபிடித்தேன் என்றுதான் வெகுநாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். மைதானத்தை ஒட்டிய சுவரோரம் ஆட்டம் நடக்கிற ஊர்ப் பெண்கள் நூறு பேர் உட்கார்ந்து சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அடுத்த ஊர்க்காரன் தப்புச் செய்தால் உடனே கத்துவார்கள். தங்கள் பையன் தப்புச் செய்தால்? அதற்கும் கத்துவார்கள், ஆனால் அதற்கு முன் கண்ணிமைக்கும் நேரம் ஒரு அமைதி விழும். கள்ளம் தெரிந்த அமைதி. அதைப் பிடித்துவிட்டால் போதும், திரும்பிப் பார்க்காமலே விசில் ஊதலாம். ஊதினேன். முக்கால்வாசி சரியாக இருந்தது.

முதல்முதலாக அப்படி ஊதிய அன்று இதை மனைவியிடம் வந்து சொன்னேன். அவள் சாம்பாருக்கு வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். துண்டுகள் ஒரே அளவில் இல்லை என்று நான் சுட்டிக்காட்டியதைக் கண்டுகொள்ளாமல் முழுக்கக் கேட்டாள்.

“அப்போ பாக்காமயா விசிலடிக்கியிய?”

“காதால பாக்கேன்.”

“இஞ்ச பாருங்க,” என்றாள், கத்தியைக் கீழே வைத்துவிட்டு. “உங்க முட்டால என்னைக்கு ஒரு தப்பு விசில் ஊதுதியளோ, அன்னைக்கு அதக் கழத்தி என் கையில தந்திரணும். அவ்வளவு ஆளு கூடி அடிச்சிப் போட்டா, உங்களைப் பொக்கீட்டு வர எனக்கு ஒக்காது.”

என்னைத் தூக்கிச் சுமக்க அவளால் முடியாதாம். வீரமாகச் சத்தியம் செய்து கொடுத்தேன். இது நடந்து ஏழு வருடம் ஆகிறது.

அந்த ஏழு வருடமும் என் காது பழுத்துக்கொண்டே வந்தது. முதலில் கண்ணிமைக்கும் நேரமே இருந்த அமைதி, போகப்போக ஒரு மூச்சு இழுத்து விடும் நேரமாக நீண்டது. எனக்கு வசதியாக இருந்தது. அனுபவம் என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டேன். ஒரே குறை, இந்தக் கலை நாலைந்து கரையில்தான் பலித்தது. மலையோரத்து அணிகள் வந்து ஆடும்போது அவர்கள் ஆட்கள் தப்புச் செய்தால் அவர்கள் கூட்டத்தில் எந்த அமைதியும் விழாது. அவர்கள் மேளத்தோடு வருகிறார்கள், மேளச் சத்தத்தில் மனசாட்சி கேட்பதில்லை என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

போன மாசி மாதம் மண்டைக்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் அரையிறுதி ஆட்டம். அந்த ஊர் அணிக்கும் ரப்பர்த் தோட்டப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மலையோர அணிக்கும். மலைக்காரர்கள் இரண்டு வேன் நிறைய ஆளும் சிங்காரி மேளமும் கொண்டுவந்து கடல் பக்கத்தில் இறங்கியிருந்தார்கள். ஊர்க்காரர்கள் வழக்கம்போல எதிர்ப் பக்கம், கோயில் சுவரோரம். அவர்கள் கோயில் என்று சொல்வது மாதா கோயிலை. நானும் கடல் பக்கமாகத்தான் நின்றேன். அங்கே மணல் ஈரமாக, கெட்டியாக இருக்கும், முட்டு புதையாது. காதுக்கு ஆறடி தூரத்தில் மேளம்.

அந்த ஊரில் ஆட்டம் எப்போதும் ஐந்தே முக்காலுக்கு முடிந்துவிடும். அன்றைக்குத் தொடங்கவே தாமதம். சிறப்பு விருந்தினர் விளையாட்டின் நன்மைகளைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார், விளையாட விடாமல். ஆறு மணி ஆகப்போகிறது, இன்னும் பத்து நிமிடம் பாக்கி, யாரும் கோல் போடவில்லை. நான் ஊர் அணியின் தாக்குதலோடு போய்விட்டு, அதிலிருந்து இன்னும் திரும்பிக்கொண்டிருந்தேன். அதற்குள் மலைக்காரர்கள் ஒரு நீளப் பந்து அடித்து எதிர் முனைக்குப் போய்விட்டார்கள். நான் நடுக்கோட்டில். பந்து கோல் பெட்டிக்குள் உயரமாக இறங்குகிறது. ஊர் அணியின் தடுப்பாட்டக்காரன், ஒல்லியாக உயரமாக ஒரு பையன், அதன் கீழே நிற்கிறான். அவன் வலது கை மேலே போனது. பந்து அவன் மேல் பட்டுக் கீழே விழுந்தது. எங்கே பட்டது? அந்தத் தூரத்தில் கடவுளுக்குத்தான் தெரியும்.

அப்போது சுவரோரம் அமைதி விழுந்தது.

மூச்சு விடும் நேரமெல்லாம் இல்லை. முழு அமைதி. நூறு பெண்களும், அவர்களுக்குப் பின்னால் நின்ற ஆண்களும், சுண்டல் விற்கிறவரும் வாயை மூடிவிட்டார்கள். இத்தனை வருடத்தில் இவ்வளவு பெரிய குற்ற ஒப்புதலை நான் கேட்டதில்லை. விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதி, பெனால்டி இடத்தைக் கைகாட்டினேன். கையால் தொட்டான், பெனால்டி.

மேளக்காரர்கள் துள்ளினார்கள். ஊர்க்காரர்கள் அப்போதும் வாய் திறக்கவில்லை. எதிர்ப்புச் சொல்ல ஒருவன் வரவில்லை. பையன்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு உள்ளூரக் குளிர்ந்துவிட்டது. நாற்பது மீட்டர் தூரத்திலிருந்து இப்படி ஒரு தீர்ப்பு! கம்பீரமாகக் கோல் பெட்டியை நோக்கி நடந்தேன். போகிற வழியில் முட்டு ‘டக்’ என்றது. அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

நான் பெட்டிக் கோட்டை மிதிக்கும்போது, சுவரோரம் எல்லாரும் ஒரே நேரத்தில் நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலுமாகச் சிலுவை போட்டார்கள். அடுத்த நொடி சுவரே இடிந்து விழுந்ததுபோல ஒரு சத்தம் எழுந்தது.

ஊர் அணியின் கேப்டன் என்னிடம் வந்தார். படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர், முப்பது வயதுக்காரர். கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

“சாரே, மணி அடிச்சது கேக்கலியா?”

“என்ன மணி?”

“ஆறு மணி செபத்துக்கு. அவன் குரிசு வரச்சான் சார். பந்து நெஞ்சில பட்டு விழுந்துது.” பிறகு அவர் கேட்டதுதான் இன்னும் என் காதில் இருக்கிறது. “நிங்க எங்க நிந்திய?”

திரும்பி என் தடத்தைப் பார்த்தேன். ஈரமணலில் என் கால்தடம் அழகாகப் பதிந்திருந்தது, நடுக்கோட்டில் தொடங்கி. அந்த உயரமான பையன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் பந்தைத் தொடவில்லை. சிலுவை போட நெற்றியைத் தொட்டிருக்கிறான்.

எங்கள் வீட்டில் ஆறு மணிக்கு விளக்கு வைப்பார்கள், இவர்கள் மணி அடித்து நின்ற இடத்தில் செபம் சொல்வார்கள். நான் பிறந்ததிலிருந்து இந்த மாவட்டத்தில் இருக்கிறேன். குழித்துறையிலேயே தினமும் கேட்கிற மணி. மேளம் காதை அடைத்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் நான் ஓட முடிந்தவனாக இருந்திருந்தால் பெட்டிப் பக்கத்தில் இருந்திருப்பேன், காது தேவைப்பட்டிருக்காது. ஒரு ஊர் சாமி கும்பிட்டதைக் குற்றம் என்று தீர்ப்புச் சொன்ன ஒரே நடுவர் நான்தான்.

அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு ஓடிய யோசனை எதுவும் பெருமைப்படும்படி இல்லை. பெனால்டி பெனால்டிதான் என்று நின்றுவிடலாம். நடுவர் முடிவே இறுதியானது. பார்த்தேன் என்று சொன்னால் யாரால் இல்லை என்று நிரூபிக்க முடியும்? மாற்றினால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் ஏழு வருடமாக நான் எப்படி ஊதினேன் என்று சொல்ல வேண்டும். அதோடு விசில் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை போய்விடும். வாரத்தில் ஏழு நாளும் ஸ்டூல். எனக்குப் பயமாக இருந்தது, அடிப்பார்கள் என்று இல்லை. அந்த ஸ்டூலை நினைத்து.

மைக் பிடித்து வர்ணனை செய்கிறவர் ஓடி வந்து, “நடுவர் அவர்களே, தீர்ப்பின் விளக்கம்?” என்று என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் மைக்கைத் தள்ளிவிட்டுக் கேப்டனிடம் மெதுவாகச் சொன்னேன்.

“பெனால்டி இல்ல. நான் பாக்கல்ல.”

வர்ணனையாளருக்கு நல்ல காது. என்னைப்போல இல்லை. குழாய் ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “நடுவர் அவர்கள் எதையும் பார்க்கவில்லை என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறோம்!”

மேளம் நின்றது. மலைக்காரர்கள் என்னைச் சுற்றி வந்து சொன்னதை இங்கே எழுத முடியாது. என் முட்டு அந்தக் கதைக்குள் இரண்டு தடவை வந்தது, என் அப்பா ஒரு தடவை வந்தார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன், நியாயம் அவர்கள் பக்கமும் கொஞ்சம் இருந்தது. பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கினேன். கடைசியில் டைபிரேக்கரில் மலைக்காரர்களே ஜெயித்தார்கள். ஊர்க்காரர்கள் தோற்ற பிறகும் மீன் பையை மறக்காமல் ஸ்கூட்டரில் தொங்கவிட்டார்கள். எனக்கு அதை எடுத்துக்கொண்டு வரவே கூச்சமாக இருந்தது. விட்டுவிட்டு வரவும் மனமில்லை, நல்ல நெய்மீன்.

வீட்டுக்கு வந்தால் மனைவி செல்போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஊர்ப் பிள்ளைகள் ஆட்டத்தைச் செல்போனில் நேரலையாக விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் பார்ப்பாள் என்று தெரியாது. நான் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி மேஜையில் வைத்தேன். அவள் “வேண்டாம், இருக்கட்டு” என்று சொல்வாள் என்று ஒரு நப்பாசை. எடுத்துக்கொண்டு போய் மிளகு டப்பாவில் போட்டு மூடினாள்.

இரண்டு நாள் நான் ரசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை காலையில் மீன்காரம்மா வந்தார். அவர் அந்தக் கடற்கரை ஊர்க்காரர்தான். வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் மீன் கொண்டுவந்து எங்கள் தெருவில் விற்பார். பத்துப் பன்னிரண்டு வருடப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை சுவரோரம் உட்கார்ந்து மற்றவர்களைவிடப் பெரிதாகக் கத்துகிறவரும் அவரே. அவருடைய அக்கா தங்கைகள் அடுத்தடுத்த கரைகளில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார்கள், அவர்களும் அதே தொண்டை. நான் முகத்தைக் காட்டாமல் முன்னறையில் பேப்பரைப் பிரித்துப் பிடித்துக்கொண்டேன்.

“சாரு இருக்காவளா அக்கா? கமிட்டிக்காரவிய சொல்லி விட்டாவ. ஞாயிற்றுக்கிழமை பைனலுக்கும் சாரே வரட்டுன்னு.”

“இனி எங்க?” என்றாள் மனைவி. “விசில் மிளகு டப்பால கெடக்கு.”

“எக்கா, தப்பு எங்க பேருலயும் உண்டும்லா. நாங்க செபத்துக்கு வாய மூடுனத சாரு அதுன்னு நெனச்சுப் போட்டாவ. நிங்க அன்னைக்கு என்ன சொன்னிய? ‘எங்க ஆளுக்கு ஓட ஒக்காது பிள்ளே, உங்க பயக்க தப்புச் செய்தா கொஞ்ச நேரம் சத்தம் போடாம இருங்க, அவிய புரிஞ்சிக்கிடுவாவ’ன்னு. ஏழு வருசமா நாலு கரையிலயும் நாங்க ஒருத்தியும் சொன்ன சொல்லு தெத்தல்ல. ஆறு மணிக்கு என்ன செய்யணும்னு மட்டும் நிங்களும் சொல்லல்ல, நாங்களும் நெனைக்கல்ல.”

பேப்பர் என் கையில் தலைகீழாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

எழுந்து வாசலுக்குப் போனேன். முட்டு ‘டக்’ என்றது. மீன்காரம்மா நிமிர்ந்து பார்த்து, “முட்டு எப்பிடி இருக்கு சாரே?” என்றார். “திற்பரப்புல வழுக்குன முட்டுல்லா, எண்ண போட்டா நிக்காது. அக்கா அன்னைக்கே சொன்னாவ.”

அதுவும் தெரியும். நாலு கரைக்கும் தெரியும். நான் தூரத்தில் பார்த்துக்கொண்டு “பழைய மேட்ச் காயம்” என்று சொன்னபோதெல்லாம் எத்தனை பேர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருப்பார்களோ.

மனைவி என்னைப் பார்க்கவில்லை. ஒரு சாளையின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாளையில் பார்க்க அவ்வளவு நேரம் ஒன்றுமில்லை.

“ஏன் எங்கிட்ட சொல்லல்ல?” என்றேன்.

“சொன்னா போவியளா?” என்றாள், மீனிடம். “போகாட்டா ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுக்களையில நின்னு எனக்குல்லா விசிலடிப்பிய.”

எனக்கு வெட்கமாக இருந்தது. என் காது பழுக்கவில்லை, என் கலை கலை இல்லை, ஏழு வருடமாக நடுவர் வேலை பார்த்தது சுவரோரம் இருந்த நூறு பெண்கள். நான் விசில் வைத்திருந்தேன், அவ்வளவுதான். அவர்கள் தங்கள் பிள்ளைகளையே எனக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள், ஒரு நொண்டி மனிதன் தப்பாக ஊதி மானம் போகக் கூடாது என்று. அதற்கு ஏற்பாடு செய்தவள் தப்பாக ஊதினால் விசிலைத் தா என்று என்னிடம் சத்தியம் வாங்கியவள். வெட்கம் போக மிச்சம் இருந்தது சந்தோஷம். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மீன் கூடைக்குப் பக்கத்தில் நின்றேன்.

“இனி மணி அடிச்சா நாங்க எல்லாரும் கையப் பொக்குகோம் அக்கா,” என்றார் மீன்காரம்மா. “தூரத்துக்குத் தெரியும்லா.”

மனைவி சட்டியை நீட்டினாள். “அப்போ செரி. சாளையே போடு, அம்பது எண்ணம்.”

என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பையைத் திறந்தால் முட்டுறைக்குள் விசில் இருந்தது, கழுவி, புதுக் கயிறு கோத்து.

பைனலுக்கு இரண்டு சிறப்பு விருந்தினர்கள். ஆகவே ஆறு மணிக்கு இன்னும் கால் மணி நேர ஆட்டம் பாக்கி இருந்தது. அன்றைக்கு நான் ஒரு முடிவோடு போயிருந்தேன். இனி காதை நம்புவதில்லை, கண்ணால் மட்டும் பார்ப்பது. ஈரமணலை விட்டுவிட்டு மைதானத்தின் நடுவிலேயே பந்துக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு ஓடினேன். பந்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மேளம் இடித்துக்கொண்டிருந்தது. விசிலை வாயில் வைக்கும்போதெல்லாம் மிளகு உறைத்தது.

மேளத்தைத் தாண்டி ஒரு குரல் வந்தது. இருபத்தாறு வருடமாக எனக்குத் தெரிந்த குரல்.

“இஞ்ச பாருங்க! கையப் பொக்கி எவ்வளவு நேரமாச்சு! ஊதுங்க!”

திரும்பினேன். சுவரோரம் முழுக்கக் கைகள். ஒருவர்கூட விடாமல் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், நான் ஒருவன்தான் பார்க்கவில்லை. நடுவில், மீன்காரம்மாவுக்குப் பக்கத்தில், மணலில் என் மனைவி. வீட்டு விளக்கை மகளிடம் வைக்கச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறி வந்திருக்கிறாள். இத்தனை வருடத்தில் ஒரு ஆட்டத்துக்கும் வராதவள். ஒரு கை போதாதென்று இரண்டு கையையும் தூக்கியிருந்தாள்.

விசிலை ஊதினேன். மேளம் நின்றது, பையன்கள் நின்றார்கள், மணிச் சத்தம் எனக்கும் கேட்டது. நானும் காலைச் சேர்த்து நின்றபோது முட்டு ‘டக்’ என்றது. அந்த அமைதியில் அது கோல் போஸ்ட்வரை கேட்டிருக்கும். மற்றவர்கள் கையை இறக்கிச் சிலுவை போட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் மட்டும் நான் பார்த்துவிட்டேன் என்று தலையாட்டும்வரை இரண்டு கையையும் இறக்கவில்லை.